ஜிஎஸ்டி பதிவு ரத்தானால்: சேலம் கட்பீஸ் கடை வழக்கு திறந்த வழி

சின்ன வியாபாரிகளின் ஜிஎஸ்டி பதிவு ரத்தாவதற்கு வரி ஏய்ப்புதான் காரணம் என்று நினைக்க வேண்டாம். பல நேரம் ரிட்டர்ன் (வரிக் கணக்குத் தாக்கல்) விட்டுப்போனதுதான் காரணம். மாதாமாதம் தாக்கல் செய்கிறவர் தொடர்ந்து 6 மாதம் விட்டால் போதும், நோட்டீஸ் வந்துவிடும். தபாலில் வரும் என்று காத்திருக்கக் கூடாது, ஜிஎஸ்டி இணையதளத்தில் (போர்ட்டலில்) ஏற்றிவிடுவார்கள். பதிவு எடுத்தபோது ஆடிட்டர் ஆபீசில் இருந்த யாருடைய செல் நம்பரையாவது கொடுத்திருந்தால் தகவல் அங்கேதான் போகும். ஈ-வே பில் (சரக்கு அனுப்பத் தேவையான மின்னணுச் சீட்டு) போட முடியாமல் சரக்கு நிற்கும்போதுதான் கடைக்காரருக்கே விஷயம் தெரியவரும். இன்றைக்கே போர்ட்டலுக்குள் போய் நம்பரை மாற்றிவிடுங்கள்.

ரத்து உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து கணக்கு ஓடுகிறது. பதிவை மீட்கும் மனு போட 90 நாள். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 180 நாள் வரை நீட்டித்துத் தரலாம். நிலுவை ரிட்டர்ன்களை முடித்த பிறகே மனு ஏறும். மேல்முறையீடு என்றால் 3 மாதம், தாமதத்தை மன்னிக்க இன்னும் 1 மாதம். அதற்கு மேல் ஒரு நாள் தாண்டினாலும் மேல்முறையீட்டு அதிகாரியின் கை கட்டப்பட்டுவிடும். அவரிடம் கெஞ்சிப் பயனில்லை.

அப்போது மிஞ்சுவது அரசியல் சட்டம் 226-ன் கீழ் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. சேலத்துக்காரர்கள் மதுரைக் கிளைக்கு அல்ல, சென்னைக்குத்தான் போக வேண்டும். இந்த வழியை அகலத் திறந்தது நம் ஊர் வழக்கு: சுகுணா கட்பீஸ் சென்டர், 2022 ஜனவரி 31 தீர்ப்பு. பதிவு ரத்தான வியாபாரிகளை ஜிஎஸ்டிக்கு வெளியே நிறுத்தினால் வியாபாரம் நிற்காது, அரசுக்கு வரவேண்டிய வரிதான் நிற்கும் என்றது நீதிமன்றம். அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்கு இதே தீர்ப்பைப் பின்பற்றி உத்தரவு கிடைத்திருக்கிறது. மனுவோடு அதன் நகலையும் ரத்து உத்தரவையும் கட்டாயம் இணையுங்கள்.

நீதிமன்றம் போடும் நிபந்தனைகளில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். நீதிமன்ற உத்தரவு நகல் கிடைத்த 45 நாளுக்குள் பழைய ரிட்டர்ன் எல்லாம் போட்டு, வரி, வட்டி, லேட் ஃபீ மூன்றையும் கட்ட வேண்டும். போர்ட்டல் லெட்ஜரில் கிடக்கும் பழைய ஐடிசியில் (கொள்முதலில் ஏற்கெனவே கட்டிய வரிக்கான கிரெடிட்டில்) கழிக்கக் கூடாது. சலான் போட்டுப் பணமாகத்தான் கட்ட வேண்டும். அந்த ஐடிசியை அதிகாரி சரிபார்த்து ஒப்புக்கொண்ட பிறகே தொடலாம். பழக்கதோஷத்தில் கிரெடிட்டில் தள்ளிவிட்டால் நிபந்தனை மீறல். மீறினால் உத்தரவின் பலன் தானாகவே போய்விடும். வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம் என்பதால் தொகை நினைத்ததைவிடப் பெரிதாக நிற்கும். வழக்குப் போடுவதற்கு முன்பே மாதவாரியாகக் கணக்குப் போட்டுப் பணத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

இன்னொரு சிக்கல், உத்தரவு வந்தும் போர்ட்டல் திறக்காமல் இருப்பது. 45 நாள் அதற்காக நிற்காது. நகல் கிடைத்த அன்றே உங்கள் பகுதி ஜிஎஸ்டி அலுவலகமான சர்க்கிள் ஆபீசில் கடிதத்தோடு கொடுத்து, தேதி போட்ட முத்திரையோடு ஒப்புகை வாங்கி வையுங்கள்.