ஓட்டுக்கு முன்னால் பட்டியல்

கட்சிக்குள் தேர்தல் என்றால் எல்லோரும் எண்ணிக்கை நாளைத்தான் பார்க்கிறார்கள். யாருக்கு எத்தனை ஓட்டு, யார் ஜெயித்தார், தோற்றவர் போய்ச் சால்வை போட்டாரா என்று. ஆனால் பெரும்பாலும் அந்த முடிவு பல மாதங்களுக்கு முன்பே ஆகிவிடுகிறது, யாருக்கெல்லாம் ஓட்டு உண்டு என்று ஒருவர் உட்கார்ந்து பட்டியல் எழுதும்போதே. பிரதிநிதி, டெலிகேட், பொதுக்குழு உறுப்பினர், என்ன பெயர் வைத்தாலும் சரி, அந்தப் பட்டியல் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் கட்சி. 2022-ல் ஜூன் மாதம் ஒரே வாரத்தில் இங்கே மும்பையில் சிவசேனா உடைந்தது, ஊரில் அ.தி.மு.க. பொதுக்குழு ரகளையில் முடிந்தது, அதே வருடம் அக்டோபரில் காங்கிரஸ் தலைவர் தேர்தல். மூன்றையும் இங்கிருந்தே பார்த்த எனக்கு, மூன்றும் ஒரே சண்டையாகத்தான் தெரிந்தன.

காங்கிரஸிலிருந்து ஆரம்பிக்கிறேன். மல்லிகார்ஜுன கார்கேவுக்கு 7,897 ஓட்டு, சசி தரூருக்கு 1,072, செல்லாதவை 416. ஓட்டு இருந்தவர்கள் சாதாரண உறுப்பினர்கள் கிடையாது, மாநில கமிட்டிகளின் பிரதிநிதிகள், நாடு முழுக்கச் சுமார் 9,900 பேர். விதிப்படி ஒவ்வொரு ப்ளாக்கிலும் உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டியவர்கள் இவர்கள். அப்படி எத்தனை ப்ளாக்கில் நிஜமாகவே போட்டி நடந்தது என்று உங்களுக்குத் தெரிந்த காங்கிரஸ்காரர் யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

தேர்தலுக்கு முன்னால் ஐந்து எம்.பி.க்கள், தரூர், மணீஷ் திவாரி, கார்த்தி சிதம்பரம் எல்லோரும் அதில் உண்டு, கட்சியின் தேர்தல் குழுத் தலைவர் மதுசூதன் மிஸ்திரிக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். கேட்டது ரொம்ப எளிமையான விஷயம்: யார் யார் பிரதிநிதி என்று வேட்பாளராக நினைப்பவருக்காவது காட்டுங்கள். ஏனென்றால் தலைவர் பதவிக்கு மனு போட பத்துப் பிரதிநிதிகள் முன்மொழிய வேண்டும். பட்டியலைப் பார்க்காமல் பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனால், பரிசீலனையின்போது 'இவர் பட்டியலிலேயே இல்லையே' என்று மனுவைத் தள்ளிவிட முடியும். இதற்கு முதலில் சொல்லப்பட்ட பதில், பட்டியல் மாநில அலுவலகங்களில் இருக்கிறது, வேண்டுமென்றால் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான். ஒருவர் மாநிலம் மாநிலமாக ரயில் ஏறிப் போய்ப் பார்க்க முடியுமா? அப்புறம் டெல்லி அலுவலகத்தில் பார்க்க அனுமதித்தார்கள். பிறகும் தரூர் தரப்பு, கைக்கு வந்த பட்டியலில் நிறையப் பேருக்குத் தொடர்பு எண்ணே இல்லை என்று சொன்னது. ஓட்டர் யார் என்று தெரிந்தும் அவரிடம் பேச வழியில்லை என்றால் அது என்ன பிரசாரம்?

இன்னொரு சின்ன விஷயம், எனக்கு இதுதான் ரொம்ப உறுத்தியது. ஓட்டுச்சீட்டில் விரும்பும் வேட்பாளருக்கு நேராக '1' என்று எழுத வேண்டும் என்று முதலில் அறிவித்தார்கள். சீட்டில் கார்கே பெயர் முதலாவது, தரூர் இரண்டாவது. 1 என்று எழுதச் சொன்னால், முதலாவதாக இருப்பவருக்குப் போடச் சொல்கிறார்கள் என்றுதானே பலர் நினைப்பார்கள்? தரூர் ஆட்சேபித்த பிறகு கடைசி நேரத்தில் அது டிக் குறியாக மாறியது. மாற்றியது நல்லதுதான், எந்த மாநிலம் யாருக்குப் போட்டது என்று தெரியாமல் இருக்க எல்லாப் பெட்டிகளின் சீட்டுகளையும் கலந்து எண்ணியதும் மிக நல்ல காரியம், அதை மறைக்க மாட்டேன். ஆனால் உத்தரப் பிரதேசத்தில் பெட்டிகளின் சீல் சரியில்லை, சம்பந்தமில்லாதவர்கள் பூத்துக்குள் இருந்தார்கள் என்று தரூர் தரப்பு எழுத்தில் கொடுத்த புகாரைத் தேர்தல் குழு ஏற்கவில்லை, அன்றைக்கே முடிவும் வந்துவிட்டது. எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தாலும் கார்கேதான் ஜெயித்திருப்பார் என்று நினைக்கிறேன். அதனால் புகார் சின்னதாகிவிடாது. தெளிவான பட்டியலோடு ஜெயித்திருந்தால் அந்த வெற்றி அவருக்கே இன்னும் பலமாக இருந்திருக்கும்.

இது புதுப் பழக்கமும் இல்லை. 1939-ல் சுபாஷ் சந்திர போஸ், பட்டாபி சீதாராமய்யாவை 1,580-க்கு 1,377 என்று தோற்கடித்தார். பட்டாபியின் தோல்வி என் தோல்வி என்று காந்தி சொன்னது எல்லோருக்கும் தெரியும். அதே அறிக்கையில் காங்கிரஸ் பதிவேடுகளில் ஏராளமான போலி உறுப்பினர்கள் இருக்கிறார்கள் என்று அவர் எழுதியதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அவர் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் தன் பக்கம் தோற்ற பிறகு வந்த அறிக்கை அது. இந்த விவகாரத்தில் பெரிய சிக்கலே இதுதான்: பட்டியல் கெட்டுப்போயிருக்கிறது என்று தோற்றவர்தான் பேசுகிறார், ஜெயித்தவருக்கு அதைச் சுத்தம் செய்ய எந்த அவசரமும் இல்லை, அடுத்த முறை அதே பட்டியல் அவருக்குத்தானே உதவப் போகிறது.

கீழ்மட்டத்தில் இது எப்படி நடக்கிறது என்று பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். தாராவியில் ஒரு அண்ணாச்சி, திருநெல்வேலிப் பக்கம், ஒரு கட்சிக்காக இளவயதிலிருந்து உழைத்தவர், கொடி கட்டுவதிலிருந்து பூத் ஏஜென்டாக உட்கார்வது வரை. எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம். உட்கட்சித் தேர்தல் முடிந்து அவர்கள் வார்டுக்கான பிரதிநிதி இன்னார் என்று வாட்ஸ்அப்பில் வாழ்த்துப் படம் வந்தது. அந்த ஆளை அண்ணாச்சி பார்த்ததே இல்லை, வசிப்பது வேறு புறநகரில். விசாரித்தபோது 'ஒருமனதாகத் தேர்வு' என்று கூட்டக் குறிப்பைக் காட்டினார்கள். அதில் அண்ணாச்சியின் கையெழுத்தும் இருந்தது.

"கூட்டமே நடக்கல தம்பி. நடக்காத கூட்டத்துல நான் கையெழுத்துப் போட்டிருக்கேனாம்" என்றார்.

"கோர்ட்டுக்குப் போகலாமே அண்ணாச்சி?"

"யாரு மேல போட? என் கட்சி மேலயா? நாளைக்கு அந்தக் கொடிக்குக் கீழ எப்படிப் போய் நிப்பேன்?"

இந்தப் பதில் என்னை ரொம்பக் கஷ்டப்படுத்தியது, இன்றும் கோபம் வருகிறது. ஏனென்றால் மோசடி செய்தவர்கள் கணக்குப் போட்டதே இந்த விசுவாசத்தை நம்பித்தான். வெளியாள் என்றால் போலீசுக்குப் போவான். அண்ணாச்சி போக மாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும்.

சரி, இது கட்சிக்காரர்கள் பிரச்சினை, நமக்கென்ன என்று கேட்பவர்கள் சிவசேனா விஷயத்தைப் பார்க்க வேண்டும். 2023 பிப்ரவரி 17 அன்று தேர்தல் ஆணையம் கட்சியின் பெயரையும் வில் அம்பு சின்னத்தையும், உடைத்துக்கொண்டு போன ஏக்நாத் ஷிண்டே பக்கம் கொடுத்தது. கட்சியின் 2018 சட்டவிதிப்படி, தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அமைப்பையே தலைவர்தான் நியமிக்கிறார், இது ஜனநாயகம் இல்லை, அந்தத் திருத்தம் எங்களிடம் பதிவிலும் இல்லை என்று ஆணையம் சொன்னது. அப்போது யார் கட்சி என்று எதை வைத்து முடிவு செய்வது? எம்.எல்.ஏ., எம்.பி. தலைகளை எண்ணினார்கள். 55 எம்.எல்.ஏ.க்களில் 40, 18 எம்.பி.க்களில் 13. முடிந்தது. இந்த ஊரில் சந்து சந்தாக ஷாகா, அதாவது கட்சிக் கிளை, நடத்திய, மழை வெள்ளத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று வேலை பார்த்த சைனிக்குகளில், அதாவது தொண்டர்களில், பெரும்பான்மை யார் பக்கம் என்று எண்ணிப் பார்க்க ஒரு நம்பகமான பட்டியலே இல்லை. அதுவரை தலைவராக இருந்த உத்தவ் தாக்கரே பக்கத்துக்கு அநியாயம் நடந்தது என்று நினைப்பவர்கள் மும்பையில் நிறையப் பேர், எனக்கும் அந்தத் தீர்ப்பில் திருப்தி இல்லை. ஆனால் அடிமட்ட உறுப்பினர் ஓட்டுப் போட்டு மேலே அனுப்பிய பிரதிநிதிகள் என்று ஒரு கூட்டம் இருந்திருந்தால், எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கைக்கு எதிரே வைக்க ஒரு எண்ணிக்கையாவது இருந்திருக்கும். அதை இல்லாமல் செய்தது ஷிண்டே இல்லையே.

அ.தி.மு.க.வில் கதை வேறு மாதிரி. பொதுச் செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எம்.ஜி.ஆர். வைத்த விதி. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! நடைமுறையில் 2021 டிசம்பரில், பொதுச் செயலாளருக்குப் பதிலாக அப்போது இருந்த ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர் பதவிகளின் தேர்தலுக்கு மனு வாங்கப் போன ஒரு தொண்டர் தாக்கப்பட்டதாகச் செய்தி வந்தது, பிறகு ஓ.பன்னீர்செல்வமும் எடப்பாடி பழனிசாமியும் போட்டியின்றித் தேர்வானார்கள். அடுத்த வருடம் 2,665 பேர் கொண்ட பொதுக்குழுவில் பெரும்பான்மை பழனிசாமி பக்கம் போனதும் ஓ.பி.எஸ். தரப்பு, ஒன்றரைக் கோடித் தொண்டர்கள் தேர்ந்தெடுத்ததைப் பொதுக்குழு எப்படி நீக்கலாம் என்று கேட்டது. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஒன்றரைக் கோடிப் பேரில் எவருக்கும் 2021-ல் ஓட்டுச்சீட்டே கைக்கு வரவில்லையே. 2022 ஜூலை 11 பொதுக்குழுவில் இன்னொரு விதி வந்தது: பொதுச் செயலாளருக்குப் போட்டியிட பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், பத்துப் பேர் வழிமொழிய வேண்டும், ஐந்து வருடம் தலைமைக் கழகப் பொறுப்பில் இருந்திருக்க வேண்டும். அடுத்த மார்ச்சில் ஒரே ஒரு வேட்பாளர், அவரே பொதுச் செயலாளர். உறுப்பினரின் ஓட்டுரிமையை யாரும் காகிதத்தில் தொடவில்லை. ஓட்டுப் போட இரண்டாவது பெயர் வராமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று ஆகிவிட்டது.

சட்டம் இதில் அநேகமாகக் கைகட்டி நிற்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவில் கட்சியைப் பதிவு செய்யலாம், ஆனால் ஒழுங்காக நடக்கவில்லை என்று பதிவை ரத்து செய்யும் பொதுவான அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உட்கட்சி ஜனநாயகத்துக்குச் சட்டம் வேண்டும் என்று 1999-லேயே சட்ட ஆணையம் தன் 170-வது அறிக்கையில் பரிந்துரைத்தது. எந்த ஆட்சியும் தொடவில்லை. எல்லாக் கட்சிக்கும் இதில் ஒரே கருத்து.

வேறு நாட்டில் இது மாறியிருக்கிறது என்பதால்தான் எனக்கு நம்பிக்கை போகவில்லை. 1964-ல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் கறுப்பினத்தவரை ஒதுக்கிவிட்டு ஜனநாயகக் கட்சி பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தது. ஒதுக்கப்பட்டவர்கள் தாங்களே ஒரு தேர்வு நடத்தி அட்லாண்டிக் சிட்டி மாநாட்டுக்குப் போய், நாங்கள்தான் உண்மையான பிரதிநிதிகள் என்று வாதாடினார்கள். இரண்டு இடம் தருகிறோம் என்றது கட்சி, ஒதுக்கப்பட்டவர்கள் பக்கம் பேசிய ஃபேனி லூ ஹேமரும் மற்றவர்களும் மறுத்துவிட்டார்கள். அன்று தோற்றார்கள்தான். ஆனால் 1968 மாநாட்டின் கலவரத்துக்குப் பிறகு பிரதிநிதித் தேர்வுக்கு விதிகள் எழுத்தில் இருக்க வேண்டும், கூட்டம் எங்கே எப்போது என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்று அந்தக் கட்சியே விதி போட்டுக்கொண்டது.

நம் கட்சிகளிடம் கேட்க வேண்டியதும் பெரிய புரட்சி எதுவும் இல்லை. பிரதிநிதிகள் பட்டியல் தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பே வெளியில் வரட்டும். வார்டுக் கூட்டத்தின் நாளும் இடமும் ஒவ்வொரு உறுப்பினரின் போனுக்கும் போகட்டும், உறுப்பினர் சேர்க்கைக்கு நம்பரை வாங்கி வைத்திருக்கிறார்கள்தானே. ஆட்சேபணை சொல்ல ஒரு வாரம் கொடுக்கட்டும், அதை விசாரிப்பவர் வேட்பாளர்களால் நியமிக்கப்படாதவராக இருக்கட்டும். தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர், மால்வணி, எங்கே இருந்தாலும் அடுத்த முறை உறுப்பினர் படிவத்தோடு யாராவது உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால், பணம் கொடுக்கும் முன் ரசீது கேளுங்கள், அப்புறம் எங்கள் வார்டுப் பிரதிநிதி யார், அவரைத் தேர்ந்தெடுத்த கூட்டம் எந்தத் தேதியில் நடந்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டால் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.