நன்றிப் பக்கத்தில் ஒரு பெயர்

"அப்படியென்றால் என் பெயரை எடுத்துவிடுங்கள் டாக்டரம்மா."

குரலில் கோபமே இல்லை. கையேட்டின் கடைசிப் பக்கத்தை விரலால் தட்டிக் காட்டிவிட்டுச் சக்கர நாற்காலியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

தண்டுவடக் காயத்தோடு வீடு திரும்புகிறவர்களுக்கான கையேடு அது. இம்முறை அவர்களையும் கூட்டாளிகளாகச் சேர்த்துத்தான் எழுத வேண்டும் என்று அடம்பிடித்தவள் நான். சாரத்திலிருந்து விழுந்து 11 ஆண்டுகளான இந்தக் கொத்தனாரை அழைத்ததும் நான்தான்.

படுக்கைப்புண் பகுதியில் நிறுத்தினார். '2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்.'

"யார் புரட்டுவது? என் வீட்டுக்காரிக்கு மில்லில் பகல் ஷிப்டு. இரவில் நான்கு முறை எழுந்தால் அவள் எப்படி வேலைக்குப் போவாள்?"

அவர் குப்புறப் படுத்துவிடுவாராம். மார்புக்கு ஒரு தலையணை, தொடைக்கு ஒன்று, கணுக்காலுக்கு ஒன்று. இடுப்பெலும்பு, முட்டி, கால்விரல் எதுவும் அழுந்தாதபடி நடுவே இடைவெளி. விடியும்வரை ஒரே கிடை. இதுவரை ஒரு புண் இல்லை.

அவர் சொன்னதில் தவறில்லை என்பது எனக்குத் தெரியும். மல்லாந்து படுத்தால் முதுகடி எலும்பும் குதிகாலும் தாங்குகிற பாரத்தை, குப்புறப் படுத்தால் தொடையும் மார்பும் பரவலாக வாங்கிக்கொள்ளும். வார்டில் நானே சிலருக்குப் பழக்கியிருக்கிறேன்; கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டி, தோல் சிவந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்து. ஆனாலும் அச்சில் வேண்டாம் என்றேன். கழுத்தில் அடிபட்ட ஒருவர் படித்துவிட்டு முயன்று, மூச்சு முட்டும்போது திரும்ப முடியாமல் போனால்? அந்தப் பயம் பொய்யென்று இப்போதும் சொல்ல மாட்டேன்.

'கழுத்தில் அடிபட்டவர்கள் செய்யக் கூடாது' என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். அன்று தோன்றவில்லை. தோன்றவில்லையா, அச்சகத்துக்கு அனுப்பும் அவசரமா, இல்லை, ஒரு கொத்தனார் என் வரியைத் திருத்துவதா என்ற... முடிக்கக் கூச்சமாக இருக்கிறது.

மேரி வர்கீஸைப் பற்றி மாணவர்களுக்குச் சொல்லாத ஆண்டே இல்லை. 1954 விபத்தில் கால்கள் செயலிழந்தபின், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். வேலூரில் மறுவாழ்வு மருத்துவத்தைக் கட்டியெழுப்பியவர். நாற்காலியில் இருப்பவரின் சொல்லுக்கு மருத்துவம் காது கொடுத்ததற்கு அவரைத்தான் உதாரணம் காட்டுவேன். நாற்காலிக்கு வருமுன்பே அவர் டாக்டர் என்பதை அழுத்திச் சொன்னதில்லை.

பெயரை எடுத்துவிட்டோம். 2 மணி நேரம் அப்படியே அச்சானது.

சென்ற மாதம் வீடு திரும்பவிருந்த ஓர் இளைஞனின் அம்மா, "நான் ஒருத்திதானே டாக்டர், இரவெல்லாம் எப்படிப் புரட்டுவேன்?" என்றார். அவனுக்குக் காயம் இடுப்புக்குச் சற்று மேலேதான், கழுத்துக்குப் பழுதில்லை. மூன்று தலையணைகளையும் அந்த இடைவெளிகளோடு வைத்துக் காட்டினேன். யாருடைய வழி என்று சொல்லவில்லை. அவர் என்னிடமே பேனா வாங்கி, கையேட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.