வியாழக்கிழமைச் சண்டை

எங்கள் வீட்டில் இரவு ஏழு மணிக்குச் செபமாலை. மாதாவை நோக்கி மணி எண்ணிச் சொல்லும் கத்தோலிக்கச் செபம் அது. இயேசு, மாதாவின் வாழ்க்கை நிகழ்வுகளைக் கிழமைக்கு ஒரு தொகுதியாக அதில் தியானிப்போம்; அந்தத் தொகுதிதான் தேவ இரகசியம். வியாழக்கிழமை வந்தால் சண்டையும் கூடவே வரும். அம்மா பழைய முறைப்படி சந்தோஷ தேவ இரகசியத்தைத் தொடங்குவா. மறைக்கல்விக்குப் போகும் என் மூத்தவன் விடமாட்டான். "இண்டைக்கு ஒளியின் தேவ இரகசியம், அம்மம்மா!"

அவன் சொல்வது சரிதான். ஆனால் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் அதைச் சேர்த்ததே 2002இல்தான். அதற்கு முன் வியாழனுக்கும் சந்தோஷம்தான். "அறுபது வருசமாச் சொல்றன் மனே, மாதாவுக்குத் தெரியாதா?" என்பா அம்மா.

சின்னவள் மணி எண்ணுவாள். 53 'அருள் நிறைந்த மரியே' செபம் இருக்கிறது, அவள் மூன்றாம் பத்து மணியிலேயே பாயில் சாய்ந்துவிடுவாள். முன்பு தட்டி எழுப்பி முழங்காலில் நிற்க வைப்பேன். செபம் என்றாலே அழத் தொடங்கினாள். அப்புறம் விட்டுவிட்டேன். (நானும் புளியந்தீவு வீட்டில் அம்மாவின் மடியில் தூங்கித்தான் செபம் பழகினேன்.)

போன வியாழன் அம்மாவுக்குக் காய்ச்சல். மூத்தவன் தானாகவே சந்தோஷ தேவ இரகசியத்தைத் தொடங்கினான். கட்டிலில் இருந்து மெல்லிய குரல்:

"இண்டைக்கு வியாழன் மனே, ஒளி தானே?"