ஏறும்போதா, இறங்கும்போதா?

வெளிநாட்டுக்குக் கிளம்புகிறவர்கள் விசா, ஹோட்டல், சிம் கார்டு எல்லாம் விசாரித்து வைத்திருப்பார்கள். நான் அவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: அந்த ஊர் பஸ்ஸில் காசு ஏறும்போது தர வேண்டுமா, இறங்கும்போது தர வேண்டுமா? பெரும்பாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் போய் இறங்கிய முதல் ஒரு மணி நேரத்திலேயே தேவைப்படுவது அதுதான்.

லண்டனில் பஸ்ஸுக்குள் 2014-லிருந்து ரொக்கம் வாங்குவதில்லை. நம் கையில் இருக்கும் வங்கிக் கார்டையே அங்குள்ள மெஷினில் தொட்டுவிட்டு ஏறலாம். பஸ்ஸில் ஏறும்போது மட்டும் தொட்டால் போதும். சுரங்க ரயிலில் உள்ளே போகும்போதும் தொட வேண்டும், வெளியே வரும்போதும் தொட வேண்டும். எனக்கு அங்கே ரொம்பப் பிடித்தது உச்சவரம்பு. ஒரு நாளில் எத்தனை தடவை ஏறி இறங்கினாலும் குறிப்பிட்ட தொகைக்கு மேல் பிடிக்க மாட்டார்கள். எந்த பாஸ் லாபம் என்று வெளியூர்க்காரர் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியதில்லை, அவர்களே போட்டுவிடுகிறார்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: காலையில் கார்டு, மாலையில் போன் என்று மாற்றாதீர்கள். இரண்டும் ஒரே வங்கிக் கணக்காக இருந்தாலும் அங்கே இரண்டு வேறு பயணிகள். உச்சவரம்பும் தனித்தனிதான். குடும்பமாகப் போனால் ஆளுக்கொரு கார்டு வேண்டும்.

சிங்கப்பூரில் பஸ்ஸிலும் இறங்கும்போது இன்னொரு தடவை தொட வேண்டும், ஏனென்றால் தூரத்துக்கு ஏற்றபடிதான் கட்டணம். வெளிநாட்டு வங்கிக் கார்டு என்றால் பயன்படுத்தும் நாளுக்கு 60 சென்ட் கூடுதலாகப் பிடிப்பார்கள். அதிக நாள் தங்குகிறவர்கள் அங்கேயே ஒரு பயண கார்டு வாங்கிவிடுவது நல்லது.

பெர்லின் வேறு மாதிரி. ஸ்டேஷனில் தடுப்புக் கதவே கிடையாது, யார் வேண்டுமானாலும் நேராக ரயிலுக்குப் போகலாம். ஆனால் மெஷினில் வாங்கிய காகித டிக்கெட்டை பிளாட்பாரத்தில் இருக்கும் சின்னப் பெட்டிக்குள் நுழைத்து முத்திரை வாங்க வேண்டும். முத்திரை விழாத டிக்கெட் செல்லாத டிக்கெட், அபராதம் 60 யூரோ. இதே முறை உள்ள வேறொரு ஊரில் ஒரு வயதான தம்பதி பரிசோதகரிடம் மாட்டிக்கொண்டதைப் பார்த்தேன். காசு கொடுத்து வாங்கிய டிக்கெட் அந்த அம்மாவின் கையிலேயே இருந்தது, முத்திரை மட்டும் இல்லை. அவர் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். பயனில்லை. ஏமாற்ற நினைத்தவரையும் விவரம் தெரியாதவரையும் ஒரே தட்டில் வைப்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

அதனால்தான் ஜப்பான் முறை எனக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. சிற்றூர்ப் பக்கம் ஓடும் பஸ்களில் பின்கதவு வழியாக ஏற வேண்டும். கதவருகே ஒரு சின்ன மெஷின் எண் அச்சிட்ட துண்டுச் சீட்டை நீட்டும். ஓட்டுநரின் தலைக்கு மேலே ஒரு பலகை, அதில் கட்டம் கட்டமாக எண்களும் அவற்றுக்குக் கீழே கட்டணமும். நிறுத்தங்கள் கடக்கக் கடக்க உங்கள் எண்ணுக்குக் கீழே உள்ள தொகை கூடிக்கொண்டே போகும். இறங்கும்போது அங்கே தெரியும் தொகையையும் சீட்டையும் முன்பக்கப் பெட்டியில் போட வேண்டும். பெட்டி மீதி தராது, சரியான சில்லறையாகப் போட வேண்டும். ஆயிரம் யென் நோட்டு இருந்தால் அதே பெட்டியில் சில்லறை மாற்றத் தனி வாய் உண்டு. பஸ் நிற்கும்போது முன்னாடியே போய் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் யென் நோட்டை நம்பி ஏறாதீர்கள்.

ரயில் நிலையங்களில் இன்னும் நல்ல ஏற்பாடு ஒன்று உண்டு. எங்கே இறங்குவோம் என்று தெரியாமல் குறைந்த டிக்கெட் வாங்கிவிட்டால் பயப்பட வேண்டாம். வெளியேறும் கதவுக்கு முன்னால் ஒரு மெஷின் இருக்கும். அதில் டிக்கெட்டை விட்டால் எவ்வளவு குறைகிறது என்று காட்டும். அந்த வித்தியாசத்தை மட்டும் கட்டினால் வெளியே போகப் புதுச் சீட்டு வரும். அபராதமும் இல்லை, யாரிடமும் விளக்கம் சொல்லவும் வேண்டாம். குறைந்த காசைக் குறைந்த காசாக மட்டும் பார்க்கிறார்கள். மற்ற ஊர்களும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்பேன்.

அடிக்கடி ஏறி இறங்குவதாக இருந்தால் சுற்றுலாப் பயணிகளுக்கான வெல்கம் சுயிகா என்ற பயண கார்டு வசதி. கார்டுக்கென்று தனி டெபாசிட் கிடையாது, 28 நாள் செல்லும். ஆனால் மீதித் தொகை திரும்ப வராது, அதனால் கொஞ்சம் கொஞ்சமாகவே பணம் ஏற்றுங்கள். கடைசி நாளில் ஏதாவது மிஞ்சினால் ஸ்டேஷன் கடைகளில் அதே கார்டைக் காட்டித் தண்ணீர் பாட்டிலோ பிஸ்கெட்டோ வாங்கிக்கொள்ளலாம்.