விதைப்பவர் தலைகள்: ஆல்பத்தின் நான்காவது மாதம்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் குன்னூரில் தபால்தலை வேலை கஷ்டம். காற்றின் ஈரத்திலேயே பசை இளகி, தலை பக்கத்தோடு ஒட்டிக்கொள்கிறது. போன வாரம் இரண்டு தலைகள் அப்படிப் போயின. இப்போது எல்லாம் இறுக்கமான டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு.

ஆல்பம் 1945 முதல் 1949 வரையிலான ஜெர்மனி. போரில் வென்ற அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் நாலும் அதை ஆளுக்கொரு மண்டலமாகப் பிரித்து ஆண்ட காலம்; சோவியத்துக்குக் கிழக்கு, மற்ற மூவருக்கும் மேற்கு. ஹிட்லரைச் சேர்ந்து வீழ்த்தியவர்கள் எப்படி எதிரிகளானார்கள் என்பது தலைகளிலேயே தெரிய வேண்டும் என்று ஆசை.

முதல் பக்கம் சீக்கிரம் முடிந்தது. 1946இல் வந்த எண் போட்ட தலைகள். அமெரிக்க, பிரிட்டிஷ், சோவியத் மண்டலங்கள் மூன்றிலும் செல்லும். பிரான்ஸ் தன் மண்டலத்துக்குத் தனியாக அச்சடித்துக்கொண்டது.

இரண்டாவது பக்கத்தில்தான் இருபது நாள் போனது. 1947 வரிசையில் விதை தூவும் ஒரு மனிதர் உண்டு. அதற்குள் பிளவு முற்றியிருந்தது. இரண்டு கோடிக்கும் மேல் மக்களைப் பறிகொடுத்த சோவியத்துக்கு ஜெர்மனியிடம் இழப்பீடு வேண்டும். அது மறுபடி தலைதூக்கவும் கூடாது. ஐரோப்பா எழாவிட்டால் பசியில் கம்யூனிசம் பரவும் என்பது அமெரிக்காவின் கணக்கு. ஐரோப்பாவைத் தூக்கிவிட அது பணம் கொடுத்த மார்ஷல் திட்டம் அதற்காகத்தான். இரண்டு பயத்திலும் நியாயம் இருந்தது என்றே எனக்குப் படுகிறது.

1948 ஜூன் 20. மேற்கு மண்டலங்களில் பழைய பணம் போய்ப் புது மார்க் வந்தது. பழைய பணத்தில் வாங்கிய தலை செல்லக்கூடாதே, அதனால் இருப்பில் இருந்த விதைப்பவர் மேல் தபால் கொம்புச் சின்னத்தை அச்சடித்தார்கள். மேற்கில் செல்லாத மார்க் எல்லாம் கிழக்கே வந்து குவியும் என்று பயந்து, மூன்றே நாளில் சோவியத் தரப்பும் பணத்தை மாற்ற உத்தரவிட்டது. அங்கே மாவட்ட எண்ணும் ஊர்ப்பெயரும் கொண்ட முத்திரையை அதே விதைப்பவர் மேல் கையால் குத்தினார்கள். 24ஆம் தேதி, சோவியத் மண்டலத்துக்கு நடுவே மேற்கு நாடுகள் வசம் இருந்த மேற்கு பெர்லினுக்குப் போகும் சாலை, ரயில், நீர்வழி எல்லாவற்றையும் சோவியத் அடைத்தது. நிலக்கரிகூட விமானத்தில் போனது. அந்தத் தடை 1949 மே 12 வரை நீடித்தது.

முதலில் மேற்கை இடப்பக்கமும் கிழக்கை வலப்பக்கமும் ஒட்டியிருந்தேன். அண்ணன் மகள் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, ரெண்டும் ஒரே ஆளுதானே? ஏன் பிரிச்சு வச்சிருக்கீங்க?" என்றாள். அன்று இரவே பிரித்தெடுத்து, பெர்லின் என்று கறுப்பில் அச்சிட்ட மூன்றாவதையும் சேர்த்து ஒரே வரிசையில் வைத்தேன். இப்போதுதான் பக்கம் பேசுகிறது.

கிழக்கு முத்திரைகளில் போலி மிக அதிகம். அதனால் உறையோடு கிடைத்த ஒன்றை மட்டும் சேர்த்திருக்கிறேன். அடுத்தது, பெர்லினுக்கு உதவ மேற்கு ஜெர்மனியில் கடிதங்களில் கூடுதலாக ஒட்டவைத்த அந்தக் குட்டி நீலத் தலை. உறையோடுதான் இருக்கிறது, ஊறவைத்துப் பிரிக்க மனசு வரவில்லை. மழை விட்டதும் முழு உறைக்கே இடம் விட்டுப் பக்கம் வெட்டவேண்டும்.