பழைய ஜப்பான் டீசல் ஃபோர் வீல்: வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை – நாட்குறிப்பு

ஜனவரி 4

தினமும் ஓட்டவும் வேண்டும், வார இறுதியில் கல்லும் சேறுமான காட்டுப் பாதைக்கும் கொண்டு போக வேண்டும் என்றால் ஜப்பானிலிருந்து வரும் பழைய டீசல் ஃபோர் வீல் வண்டிகளை விட்டால் நல்ல தேர்வுகள் மிகக் குறைவு. ஏணிபோன்ற லேடர் சேஸிஸ், மெதுவாக ஆனால் பலமாக இழுக்கும் லோ ரேஞ்ச் கியர், கையால் பழுது பார்க்கக்கூடிய எஞ்சின் மூன்றும் ஒரே வண்டியில் கிடைக்கின்றன. இத்தனை வண்டிகள் வெளியே வந்ததற்கு ஜப்பானின் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் ஒரு காரணம். 2001-இல் திருத்தப்பட்ட அந்தச் சட்டத்துக்குப் பிறகு டோக்கியோ, ஒசாகா, நகோயா வட்டாரங்களில் பழைய டீசல் வண்டிகளைத் தொடர்ந்து பதிவில் வைத்திருக்க முடியாமல் போனது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டிகளே ஏற்றுமதிக்கு வந்தன.

ஓடிய கிலோமீட்டர் குறைவாக இருக்கும். வயது அதிகமாக இருக்கும். 90,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடியிருந்தாலும் அதன் ரப்பர் ஹோஸ், ஆயில் சீல், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி எல்லாம் கால் நூற்றாண்டைத் தாண்டியவை. மீட்டரை மட்டும் பார்த்து விலை பேசுகிறவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை.

முதலில் சேஸிஸ், அடுத்து கூலிங், அதன் பிறகு ஃபோர் வீல் அமைப்பு, கடைசியாகத்தான் எஞ்சினின் பெயர். தேர்வு இந்த வரிசையில் நடக்க வேண்டும். எஞ்சினை மாற்றலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். துருவேறிய சேஸிஸை மாற்ற யாரும் உட்கார மாட்டார்கள்.

ஜனவரி 9

எஞ்சின் கடைசி என்றாலும் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான்.

டொயோட்டா 1கேஇசட்-டிஇ: 2982 சிசி, நான்கு சிலிண்டர், டர்போ. 78, 95 என்ற மாடல் எண் கொண்ட பிராடோவிலும் 130, 185 ஹைலக்ஸ் சர்ஃபிலும் வருகிறது. தினசரி ஓட்டத்துக்கு மிகவும் இணக்கமானது. பலவீனம் சிலிண்டர்களை மேலே மூடும் அதன் அலுமினிய ஹெட். சூடேறினால் வால்வுகளுக்கு இடையே, டீசல் முதலில் பற்றும் ப்ரீசேம்பர் ஓரமாக விரிசல் விடும். தானாக விடுவதில்லை; ரேடியேட்டர் அடைத்திருக்கும், ஃபேனின் விஸ்கஸ் கப்ளிங் தளர்ந்திருக்கும், அல்லது யாரோ வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருப்பார்கள். இன்னொரு பிரச்சினை டீசல் பம்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் ஸ்பில் வால்வு: சூடானதும் எஞ்சின் நின்றுபோய், ஆறிய பிறகு ஸ்டார்ட் ஆனால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். இதற்கு முந்தைய 2.4 லிட்டர் 2எல்-டிஇ-யில் அதே ஹெட் பிரச்சினை இன்னும் மோசம். அந்த எஞ்சின் இருந்தால் வண்டியை விட்டுவிடுங்கள்.

மிட்சுபிஷியில் இரண்டு. 4டி56, 2477 சிசி: இதில் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டோடு, அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டுக்கு ஒரு சிறிய பெல்ட்டும் உண்டு. அந்தச் சிறிய பெல்ட் அறுந்தால் பெரிய பெல்ட்டுக்குள் சிக்கி அதையும் தள்ளிவிடும். வால்வும் பிஸ்டனும் மோதும். மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். 4எம்40, 2835 சிசி: செயின் என்பதால் பெல்ட் கவலை இல்லை. ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் செயின் கடகடவென்று சத்தம் போட்டால் டென்ஷனரும் கைடும் தேய்ந்துவிட்டன. டெலிகா வேனில் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் அடைபட்டுக் கிடப்பதால் கூலிங் விஷயத்தில் பஜேரோவைவிட இரட்டிப்புக் கவனம் தேவை.

நிசான் டெரானோவின் டிடி27: 2663 சிசி, வார்ப்பிரும்பு ஹெட், புஷ்ராட், டைமிங் முழுக்க கியர். பெல்ட்டும் இல்லை, செயினும் இல்லை. வேகம் குறைவு, சத்தம் அதிகம். ஒரே வண்டியை பத்து வருடம் வைத்திருக்க நினைப்பவருக்கு என் முதல் பரிந்துரை இதுதான். சஃபாரியில் வரும் டிடி42, 4169 சிசி, அதே குணம், பெரிய உடம்பு. அதற்குப் பின் வந்த இசட்டி30-இன் ஆரம்பகால எஞ்சின்களில் பிஸ்டன் உருகி ஓட்டை விழுவது தெரிந்த கதை. அவற்றைத் தவிர்க்கலாம்.

லேண்ட் குரூசர் 80: வண்டியின் அடையாளத் தகட்டில் (பிளேட்) எச்டிஜே81 என்றிருந்தால் 4.2 லிட்டர் ஆறு சிலிண்டர் டர்போ. இதில் 1எச்டி-டி எஞ்சினுக்கு கனெக்டிங் ராட் பேரிங் தேய்வது தெரிந்த குறை. எஞ்சினை இறக்காமல் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றிக் கீழிருந்தே மாற்றிவிடலாம். மாற்றிய ரசீது இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். 1995 முதல் வந்த 24 வால்வு 1எச்டி-எஃப்டி-யில் அந்தக் கவலை குறைவு. எச்இசட்ஜே81 என்று பிளேட்டில் இருந்தால் அது டர்போ இல்லாத 1எச்இசட். அடித்தாலும் சாகாது, ஆனால் மேட்டில் பொறுமை வேண்டும்.

இசுசு பிக்ஹார்னில் 4ஜேஜி2 நல்லது, டைமிங் கியர். 4ஜேஎக்ஸ்1 வேறு ரகம். அதில் இன்ஜெக்டரை இயக்குவதே எஞ்சின் ஆயிலின் அழுத்தம்தான். இன்ஜெக்டர் ஸ்லீவ் கசிந்தால் டீசல் ஆயிலிலும் கூலண்டிலும் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு கூடியிருந்து டீசல் வாடை வந்தால் அதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை.

ஜனவரி 11

ஏலத் தாள், அதாவது ஏலத்தில் வண்டியைச் சோதித்து எழுதிய அறிக்கை. வண்டி ஜப்பான் ஏலத்திலிருந்து வந்திருந்தால் அதன் அசல் தாளைக் கேளுங்கள். விற்பவரின் மொழிபெயர்ப்பு மட்டும் போதாது. மேல் மூலையில் உள்ள எண் மொத்த மதிப்பு. இந்த வயது வண்டிக்கு 3.5 அல்லது 4 நல்ல எண். ஆர், ஆர்ஏ என்றால் விபத்தில் அடிபட்டுப் பழுது பார்த்தது. உள்பகுதிக்கு ஏ முதல் டி வரை தனி எழுத்து இருக்கும்.

உண்மையான தகவல் வண்டி வரைபடத்தின் மேல் எழுதிய குறிகளில் இருக்கிறது. ஏ கீறல், யு பள்ளம், டபிள்யு தட்டி பெயின்ட் அடித்த அலை, எஸ் துரு, சி அரிப்பு, எக்ஸ்எக்ஸ் மாற்றிய பகுதி. பக்கத்தில் 1, 2, 3 என்று வரும் எண் அளவைச் சொல்கிறது. ஏ2, யு2 பற்றிக் கவலை வேண்டாம். அடிப்பாகத்தில் சி என்று எழுதியிருந்தால் பணம் அனுப்புவதை நிறுத்துங்கள்.

வருடம் ஜப்பானிய முறையில் இருக்கும். எச்8 என்றால் ஹெய்செய் 8. 1988-ஐக் கூட்டினால் 1996. ஓட்டம் உண்மையா என்று பார்க்க ஏற்றுமதிச் சான்றிதழில் பதிவான கிலோமீட்டரோடு ஒப்பிடுங்கள். பானட்டின் உட்புறத்திலும் ஓட்டுநர் கதவு ஓரத்திலும் ஜப்பான் மெக்கானிக்குகள் ஒட்டிய ஸ்டிக்கர்களைத் தேடுங்கள். டைமிங் பெல்ட் எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில் மாற்றினார்கள் என்று அதில் கையால் எழுதியிருப்பார்கள். மீட்டரில் 98,000 காட்டும் வண்டியில் 1,60,000 என்று எழுதிய ஸ்டிக்கர் இருந்தால் அதற்குமேல் கேள்வியே தேவையில்லை.

ஜனவரி 18

இன்று முழுக்கத் துரு.

ஹொக்கைடோ, தொஹோகு, நீகாதா போன்ற பனிப்பகுதிகளில் ஓடிய வண்டிகளின் அடிப்பாகத்தைச் சாலையில் தூவும் உப்பு அரித்திருக்கும். மேலே கண்ணாடிபோல் பெயின்ட் பளபளக்கும், கீழே சேஸிஸ் உரியும். புதிதாகக் கறுப்பு அண்டர்கோட் அடித்திருந்தால் அதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும். கழுவித் துடைத்த பழைய பழுப்புச் சேஸிஸ் அதைவிட நேர்மையானது.

ஒரு சிறு சுத்தியலும் பழைய ஸ்க்ரூ டிரைவரும் போதும். முன்பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே பின்னால் போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் மொத்தையாகச் சத்தம் கொடுக்கும். அங்கே ஸ்க்ரூ டிரைவரைக் குத்திப் பாருங்கள். முக்கியமாகப் பின் ஆக்சிலுக்கு மேலே சேஸிஸ் வளையும் இடம், ட்ரெய்லிங் ஆர்ம் சேரும் பிராக்கெட்டுகள், பாடி மவுண்ட், பின் சக்கரங்களுக்கு உள்ளே போகும் பிரேக் லைன். லேண்ட் குரூசர் 80-இல் டெயில்கேட்டின் கீழ் விளிம்பு, பின் வீல் ஆர்ச், முன் கண்ணாடிச் சட்டம். டெலிகாவில் ஃபுட்போர்டுக்கு அடியும் பின் ஆர்ச்சும்.

அதிகம் பேர் தவறவிடுவது பின் ஹீட்டர் குழாய்கள். பின் இருக்கைக்கும் ஹீட்டர் வைத்த வண்டிகளில் கூலண்ட் இரும்புக் குழாய்களில் அடிப்பாகம் வழியே நெடுகப் போகும். அவை துருவேறிப் பொத்துக்கொண்டால் கூலண்ட் சத்தமில்லாமல் இறங்கும், அடுத்த மேட்டில் ஹெட் போகும். பின் ஹீட்டர் தேவையில்லையென்றால் முன்பக்கத்திலேயே அந்த இணைப்பை அடைத்துவிடலாம்.

ஜனவரி 19

சிறு குறிப்பு: ஜப்பானில் விற்ற 60 தொடர், பிஜே70 போன்ற பழைய லேண்ட் குரூசர் டீசல்கள் 24 வோல்ட். ஸ்டார்ட்டர், பல்பு, ரேடியோ எல்லாவற்றுக்கும் உதிரி தேடுவது கூடுதல் வேலை. வாங்குமுன் பேட்டரி இணைப்பைப் பாருங்கள்.

ஜனவரி 25

எஞ்சின் சோதனை. போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை பானட்டின் மேல் கை வைப்பது. சூடாக இருந்தால் இன்று சோதனை வேண்டாம், நாளை வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஆறிய எஞ்சின் காட்டிக்கொடுப்பதைச் சூடான எஞ்சின் மறைத்துவிடும்.

ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். கூலண்ட் நிறமும் தெளிவும் இருக்க வேண்டும். பழுப்புத் தண்ணீர் என்றால் உள்ளே எல்லாம் துரு. ஆட்டோ கியர் வண்டியில் கூலண்ட் இளஞ்சிவப்புப் பால்போல் இருந்தால், ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் ஆயில் கூலர் கசிந்து இரண்டும் கலந்துவிட்டன. கியர்பாக்ஸும் போனதாக நினைத்தே விலை பேசுங்கள்.

குளிர்ந்த எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கின் விளக்கு அணைந்ததும் ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் சைலன்சர் பக்கம் நில்லுங்கள். வெள்ளைப் புகை சில நொடிகளில் மறைந்தால் சரி. விடாமல் வந்து எஞ்சினும் நடுங்கினால் ஹீட்டர் பிளக் போயிருக்கும் அல்லது கம்ப்ரஷன் குறைந்திருக்கும். நீலம் ஆயில் எரிவது. ரேஸ் செய்யும்போது மட்டும் வரும் கறுப்பு பெரும்பாலும் ஏர் ஃபில்டர், நாசில், அல்லது யாரோ திருகிக் கூட்டிவிட்ட பம்ப்.

ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே, எஞ்சின் ஆறியிருக்கும்போதே, மேல் ரேடியேட்டர் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். அதற்குள் கல்போல் இறுகியிருந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு கூலண்டுக்குள் போகிறது: ஹெட்டோ கேஸ்கட்டோ போய்விட்டது. உறுதி செய்ய, ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீல நிறத் திரவச் சோதனைக் குழாய் இருக்கிறது. எரிந்த வாயு பட்டால் நிறம் மாறும். 1கேஇசட், 4டி56, 4எம்40 எதுவானாலும் இந்தச் சோதனை இல்லாமல் வாங்கக் கூடாது.

ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து அதே வாயில் தலைகீழாக வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. துள்ளி விழுந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. சந்தேகம் இருந்தால் கம்ப்ரஷன் எடுங்கள். சிலிண்டர்களுக்கு இடையே 5 பார் அழுத்தத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. டர்போவின் உள்வாங்கும் ஹோஸைக் கழற்றி ஷாஃப்டை விரலால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் இருக்கலாம், முன்னும் பின்னும் இருக்கக் கூடாது.

பிப்ரவரி 1

ஃபோர் வீல் அமைப்பில் முதலில் கேட்க வேண்டியது: நான்கு சக்கரமும் தேவைப்படும்போது மட்டும் இழுக்கும் பார்ட் டைமா, எப்போதும் இழுக்கும் ஃபுல் டைமா? 78 பிராடோ, டெரானோ போன்றவை பார்ட் டைம். காய்ந்த தார்ச்சாலையில் 4எச் (நான்கு சக்கர ஓட்டம்) போட்டுத் திரும்பினால் சக்கரங்கள் கட்டிக்கொள்ளும், டிரான்ஸ்ஃபர் கேஸ் தேயும். 80-உம் 95 பிராடோவும் ஃபுல் டைம். முன், பின் ஆக்சில்களை ஒன்றாகப் பூட்டும் சென்டர் டிஃப் (டிஃபரன்ஷியல்) லாக் தனி. பஜேரோவின் சூப்பர் செலக்ட் இரண்டையும் தருகிறது. தார்ச்சாலையில் 4எச், வழுக்கினால் சென்டர் பூட்டிய 4எச்எல்சி, ஏறினால் அதே பூட்டோடு லோ ரேஞ்சில் 4எல்எல்சி. மழை அதிகம் பெய்யும் ஊரில் தினமும் ஓட்டுபவருக்கு இது பெரிய வசதி. பஜேரோவில் டேஷ்போர்டு சக்கர விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் வேக்யூம் ஹோஸ் அல்லது சாலினாய்டுதான் காரணம், கியர் கெட்டுப்போகவில்லை.

மண் தரையில் லோ ரேஞ்ச் போட்டு முன்னும் பின்னும் ஓட்டுங்கள். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து வட்டமடியுங்கள். டிக் டிக் என்றால் முன் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் மூட்டான சிவி ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. 80-இல் முன் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள உருண்டை நக்கிளைத் துணியால் துடையுங்கள். லேசான கிரீஸ் படலம் இயல்பு. கறுப்பாக, தண்ணீர்போல் ஒழுகினால் உள் ஆக்சில் சீல் போய் டிஃப் ஆயில் கிரீஸோடு கலந்துவிட்டது. கிட் வாங்கி இருபக்கமும் பிரித்துப் பூட்ட வேண்டும்.

பின் சக்கரங்கள் இரண்டையும் சேர்த்துப் பூட்டும் டிஃப் லாக் இருக்கிறதா என்று டொயோட்டா பிளேட்டிலேயே தெரியும். ஆக்சில் குறியின் கடைசி எண் 4 என்றால், கே294 போல, பின் லாக்கர் உண்டு. கே292 என்றால் இல்லை.

பிப்ரவரி 8

டயர். பல வண்டிகள் பனிக்கால மென் டயரோடு வரும். சூடான தாரில் சீக்கிரம் தேயும், வளைவில் மிதக்கும். மாற்றுவதைக் கணக்கில் வையுங்கள். ஃபுல் டைம் வண்டியில் நான்கும் ஒரே அளவு, ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். இல்லையென்றால் சென்டர் டிஃபும் விஸ்கஸ் கப்ளிங்கும் ஓயாமல் சுழலும். 265/70ஆர்16-இலிருந்து 265/75ஆர்16-க்குப் போனால் விட்டம் ஏறக்குறைய 27 மில்லிமீட்டர் கூடும், ஸ்பீடோமீட்டர் 3 சதவீதம் குறைத்துக் காட்டும். அது போதும். முன்னால் ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்குக் கம்பியான டார்ஷன் பார் உள்ள வண்டியை 50 மில்லிமீட்டருக்கு மேல் தூக்கினால் சிவி ஜாயின்ட்டின் கோணம் கெட்டு பூட் கிழியும்.

பிப்ரவரி 15

வாங்கியதும் முதல் வாரத்தில்: டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றும் ஒன்றாக. டொயோட்டாவில் 1,00,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டி-பெல்ட் விளக்கு எரியும், ஆனால் எரியவில்லை என்பதை நம்பிக் காத்திருக்க வேண்டாம், யாராவது அணைத்திருப்பார்கள். தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி, எல்லா ஹோஸும் புதிது. கூலண்டை முழுதாக வடித்து, பிளாக்கின் வடிகால் திருகையும் திறந்து கழுவி, சரிபாதி கலவை ஊற்றுங்கள். 15டபிள்யு-40 டீசல் ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர். டிஃப் இரண்டிலும் 75டபிள்யு-90 ஜிஎல்-5. வடிக்கும்போது வரும் ஆயில் பாலாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. டிஃபுக்குள் காற்று போய்வரும் ப்ரீதர் குழாயைப் பானட் உயரத்துக்கு நீட்டுங்கள்.

தொழிற்சாலை டெம்பரேச்சர் முள்ளை நம்பாதீர்கள். அது நடுவில் நிற்கும்படியே செய்யப்பட்டிருக்கிறது. அது நகரும்போது ஹெட் ஏற்கெனவே வெந்திருக்கும். ஹெட்டில் ஒரு சென்சாரும், கூலண்ட் குறைந்தால் கத்தும் அலாரமும், டர்போவுக்கு முன் எக்சாஸ்ட் வெப்பமானியும் வையுங்கள். நீண்ட மேட்டில் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டி நின்றால் ஒரு கியர் குறைத்து ஆக்சிலரேட்டரை விடுங்கள். 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒரு காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, கூலண்ட் மட்டத்தையும் ஹோஸ் கிளிப்புகளையும் மறுபடி பாருங்கள். புதிய ஹோஸ் அமர்ந்ததும் கிளிப்பை இன்னொரு சுற்று இறுக்க வேண்டியிருக்கும்.