மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறவில்லையா?

மோட்டார் ஓடும் சத்தம் கேட்டும் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாதபோது, மோட்டார் பழுதாகிவிட்டது என்றே பலரும் முடிவு செய்துவிடுகிறார்கள். ஆனால் தரைமட்டத்தில் வைக்கப்பட்ட சாதாரண மோனோபிளாக் மோட்டாராக (மோட்டாரும் பம்பும் ஒரே உடலாக இணைந்தது) இருந்தால், முதலில் பார்க்க வேண்டியது சம்புக்குள் உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வைத்தான். மோட்டார் நின்ற பிறகும் குழாயில் நீர் இறங்காமல் தாங்கி நிற்பது அந்தச் சிறிய வால்வுதான். அதில் மணலோ தூசியோ சிக்கினால் நீர் மெல்ல வடிந்து, குழாய்க்குள் காற்று நிறைந்துவிடும். காற்றை இழுத்து வெளியேற்றும் ஆற்றல் இவ்வகைப் பம்புக்கு இல்லை. அப்படியே வெறுமனே ஓடவிட்டால் உள்ளிருக்கும் சீல் சூடேறிக் கெட்டுவிடும் என்பதால், உடனே நிறுத்திவிடுங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

உறிஞ்சும் உயரத்துக்கும் எல்லை உண்டு. நீரை மேலே தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தமே என்பதால், கணக்குப்படி சுமார் 10 மீட்டர் வரை ஏற வேண்டிய நீர், நடைமுறையில் 7 மீட்டர் அளவிலேயே நின்றுவிடுகிறது. அதற்கும் கீழே நீர் இருந்தால் நீர்மூழ்கி மோட்டார்தான் பொருத்தமானது.

மேல்மாடி ஷவரில் நீர் மெலிந்து வருவதற்குப் பெரிய மோட்டார் வாங்குவது வீண்செலவு. அங்கே அழுத்தத்தைத் தருவது தொட்டியின் உயரம் மட்டுமே: 10 மீட்டருக்கு ஏறத்தாழ 1 பார் (அழுத்தத்தின் அலகு) என்றால், 2 மீட்டருக்கு 0.2 பார்தான். வீடு கட்டும்போதே தொட்டி மேடையை உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள். இறங்கும் குழாயில் காற்று அடைத்துக்கொள்ளாமல் இருக்க, நீரைத் திறந்து மூடும் கேட் வால்வை அடுத்து, தொட்டியின் நீர்மட்டத்தைவிட உயரமாக ஒரு காற்றுக் குழாயையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.